நடந்துபோன வரப்பு

வாங்க, வாங்க. பந்தலுக்குள்ள வந்து உக்காருங்க. அரியலூருப் பக்கமுங்களா? நல்லதுங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, இது வெள்ளாமைக் காடு, கோயிலில்லே. போன தடவ வந்த குழுவுல ஒருத்தரு வரப்போரமா செருப்பைக் கழட்டி வெச்சுட்டுக் கும்புட்டுக்கிட்டே வந்தாரு. நானும் ஏனுங்கன்னு கேக்கலே. கும்புடறவங்களை எதுக்குத் தடுக்கறது?

நீங்க என்ன எதிர்பாத்து வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. வேனுல வர்றப்பவே பேசியிருப்பீங்க. "யாரோ நாச்சிமுத்தாமா. முன்னோடி உழவராமா. வெள்ளை வேட்டியில வந்து நிப்பாரு. பூமித்தாய்ம்பாரு. எங்க அய்யன் காலத்துலம்பாரு. தொண்டை கம்மும். அப்பறம் ட்ரம்மைத் தொறப்பாரு, நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு எட்டிப் பாக்கோணும். அப்பறம் சோறு." நெசந்தானுங்க? அந்தக் கடைசி வரிசை அண்ணனைப் பாருங்க, சோறுன்னதுந்தான் நிமிந்து உக்காந்தாரு.

சோறு உண்டுங்க. சரசு, எஞ்சம்சாரம், வெச்சுக்கிட்டிருக்குது. ஆனா பூமித்தாய் இன்னைக்கு லீவு. இன்னைக்கு வரப்புதான். ஏன்னா அங்க பாருங்க, மஞ்சக்காட்டுக்கு அக்கட்டால, சங்கிலியப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு நடக்கறாரே, அவரு சர்வேயரு. பொறவால கையக் கட்டிக்கிட்டு ஒருத்தரு நிக்கறாரே, நட்டு வெச்ச கம்பு மாதிரி, அது எங்க பெரியப்பன் பையன், சாமியப்பண்ணன். அவிய ரெண்டு பேரும் ஒரு கல்லைத் தேடறாங்க. அத்துக்கல்லு. அவரு காடு எங்க முடியுது, எங்காடு எங்க ஆரம்பிக்குதுன்னு சர்க்காரு நட்டு வெச்ச கல்லு.

அந்தக் கல்லு கெடைச்சுதுன்னா, நீங்க உக்காந்திருக்கற இந்தப் பந்தலு, அந்த போர்டு, இந்த நீல ட்ரம்மு, ட்ரம்முக்கு நேரா ஓடுற நாலு வரிசை மஞ்சளு, நாங்க பாருன்னு சொல்லுவோம், ஆறடி அகலம், மொத்தமும் அவருதுன்னு எழுதிருவாங்க. கெடைக்காட்டி, இன்னைக்கு அளக்க முடியாதாமா, பெரிய அதிகாரியோட இன்னொரு நாளு வரோணுமாமா. போர்டுல என்ன எழுதியிருக்குது? படிங்க, சத்தமாப் படிங்க. "மண்வள மாதிரித் திடல். முன்னோடி உழவர் கா. நாச்சிமுத்து, ஊஞ்சக்காட்டுவலசு." போர்டு அவரு மண்ணுல நின்னுச்சுன்னா எம்பேரு அங்க என்னுங்க பண்ணும்? சொல்லுங்க. பேரு போனா அப்பறம் நான் யாரு? சும்மா நாச்சிமுத்து.

அதனால, நீங்க சோறு உண்டதும் ஒரு நாலு பேரு எனக்கொரு கையெழுத்துப் போடோணும். எதுக்குன்னு சொல்றேன். சொன்னா நீங்களே பேனாவப் புடுங்கிப் போடுவீங்க.

இது ரெண்டு வருசக் கதைங்க. வேளாண்மை ஆபீசுல இருந்து ஒரு மேடம் வந்தாங்க. "நாச்சிமுத்து சார், விவசாயிக்கு விவசாயிதான் சொல்லணும். நாங்க சொன்னா ஏறாது." சொல்லிப்போட்டு மூக்குக்கண்ணாடிய இப்பிடித் தூக்குவாங்க. "மண் என்பது, உயிருள்ள, ஒரு, பொருள்." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படி எறங்கற மாதிரி. இந்த அம்மணி சிரிக்குது பாருங்க, உங்க ஊரு மேடமும் இப்பிடித்தானா? எல்லா ஊருலயும் ஒரே கண்ணாடிதான் போலிருக்குது.

நெசத்தச் சொல்லோணுமுன்னா, அவிய மொதல்ல போனது சாமியப்பண்ணங்கிட்ட. அவரு காட்டு மண்ணை மேடம் அள்ளி மோந்து பாத்துட்டு, "அய்யா, என்ன போடறீங்க?"ன்னாங்க. எங்கண்ணன் யோசிச்சாரு. யோசிச்சாரு. ஒரு மாடு அசை போட்டு முடிக்கற நேரம் யோசிச்சாரு. "மண்ணுக்கு வேணுங்கறத." அவ்வளவுதான். "அதை நாப்பது பேருக்கு வெளக்கிச் சொல்றீங்களா?"ன்னாங்க. அந்த மனுசன் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வாழைக்குள்ள போனவருதான், மேடம் காரு கெளம்புன சத்தங் கேட்டுத்தான் வெளிய வந்தாரு.

நான் வரப்புல நின்னு இதையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தேன். மேடம் திரும்பறப்ப, சும்மா இருக்காம, அவிய சொன்னதையே அவிய கொரல்லயே சொல்லிக் காட்டினேன். "மண் என்பது, உயிருள்ள, ஒரு, பொருள்." கூட வந்த ரெண்டு பேருக்கும் உசுரு போயிருச்சு. மேடம் என்னைப் பாத்தாங்க. கண்ணாடியத் தூக்கினாங்க. அப்பறம் சிரிச்சாங்க பாருங்க, கண்ணுல தண்ணி. "இவருதான்"ன்னாங்க. "இவரு சொன்னா நாலு ஊருக்குக் கேக்கும்."

அங்கதான் முடிவாச்சுங்க. அவரு செய்யறவரு. நான் சொல்றவன். ஒலகத்துல செய்யறதுக்கு ஆயிரம் பேரு இருக்கறாங்க. சொல்றதுக்குத்தான் ஆளில்லே.

மூணு நாளு பயிற்சிக்குப் போனேன். மண்ணுக்கு ஊத்தற ஜீவாமிர்தம் செய்யப் படிச்சேன். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் கேட்டுக்கங்க. எரநூறு லிட்டரு தண்ணி. பத்துக் கிலோ நாட்டு மாட்டுச் சாணி. அஞ்சாறு லிட்டரு கோமியம். ரெண்டு கிலோ வெல்லம். ரெண்டு கிலோ பயறு மாவு. கடைசியா, மேடம் வெரலை நீட்டுவாங்க, "ஒரு கைப்பிடி வரப்பு மண்." வரப்பு மண்ணுலதான் நல்ல கிருமி இருக்குதாமா. தயிருக்கு ஒறை ஊத்தற மாதிரி. ஏர் படாத மண்ணு, மருந்து படாத மண்ணு, அதுல ஒரு கைப்பிடி. கலக்கி நெழல்ல வெச்சு, காலையும் சாயங்காலமும் ஒரு கம்புல சுத்தோணும். மூணா நாளு ட்ரம்முக்குள்ள காதை வெச்சா ஒரு சத்தங் கேக்கும். ப்ளுக். ப்ளுக். ப்ளுக். கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்ச மாமனாரு மாதிரி.

திட்டம் என்னன்னா, நான் பத்துப் பேருக்குச் சொல்லோணும். அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்குச் சொல்லோணும். அப்பிடியே பரவோணும். பரவுச்சுங்க. பரவுனது என்னன்னுதான் கேக்கோணும். எம்பட பத்து ஆளும் என்னை மாதிரியே மேடம் கொரல்ல பேசப் பழகிட்டாங்க. அந்தியூருல ஒரு கல்யாணத்துக்குப் போறேன், எனக்கு முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தன் மோருக்கு உப்புப் போட்டுக்கிட்டே "மோர் என்பது, உயிருள்ள, ஒரு, பொருள்"ங்கறான். எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஏனுங்க தம்பி, ட்ரம்மு வெச்சிருக்கறயான்னு கேட்டேன். "எந்த ட்ரம்முங்க?"ன்னுட்டான்.

வெச்சவங்களும் இருக்கறாங்க. நாலாவது கையி, அஞ்சாவது கையின்னு போறப்ப பயறு மாவு வெறும் மாவாப் போச்சு. பவானிக்கு அக்கட்டால ஒரு ஊருல ட்ரம்முக்குள்ள ரெண்டு கிலோ இட்லி மாவை ஊத்திப்போட்டாங்க. மாவு பொங்கி, மூடியத் தூக்கி, வாசலுக்கு வந்துருச்சு. அந்தூட்டு அம்மா எனக்குப் போனு பண்ணி, "அண்ணா, ஜீவாமிர்தம் நல்லா வந்திருக்குதுங்க, இப்ப இதை அவிக்கறதா, ஊத்தறதா?"ங்குது. நான் என்ன சொல்றது? அவிச்சுப் பாருங்கன்னுட்டேன்.

ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறாம, துளி கொறையாம, அத்தனை ஊருக்கும் போச்சுங்க. அதுதான் இந்த வரப்பு மண்ணு.

மேடம் சொன்னது, அவங்கவங்க காட்டு வரப்பு மண்ணு. நான் சொன்னதும் அதுதான். ஆனா சொல்றப்ப கை சும்மா இருக்குமுங்களா? இந்த வரப்பைக் காட்டி, "இந்த மாதிரி வரப்பு மண்ணு"ன்னேன். மாதிரிங்கறது காத்துல போயிருச்சு. இந்த வரப்பு மண்ணுங்கறது நின்னுபோச்சு. மொதக் குழு கெளம்பறப்ப ஒரு அம்மா முந்தானையில ஒரு கைப்பிடி முடிஞ்சுக்கிட்டாங்க. அடுத்தவரு துண்டுல. அப்பறம் அத்தனை பேரும். நான் தடுத்திருக்கோணும். தடுக்கலே. ஏன் தடுக்கலேன்னு நீங்க கேப்பீங்க. ஏனுங்க, உங்க ஊட்டு மண்ணை ஒருத்தரு கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனா நீங்க தடுப்பீங்களா?

அப்பறம் அது ராசி மண்ணாயிருச்சுங்க. தாராபுரத்துல ஒருத்தரு பஸ்ஸுல பார்சல் போடச் சொன்னாரு. ஒருத்தரு சாமி ரூமுல வெச்சிருக்கறாராமா. ஒரு புது மாப்பிள்ளை நெத்தியில இட்டுக்கிட்டு வந்தாரு, அவரைப் பாத்து நானே பயந்துட்டேன். குழுக் குழுவா வந்தாங்க. ஆளுக்கு ஒரு கைப்பிடி. சில பேரு கையி பெருசு.

இதுக்கெல்லாம் சாட்சி அந்த வேன் டிரைவருதான். நம்ம குழந்தவேலு. உங்களை ஈரோட்டுல இருந்து கூட்டியாந்தானே, அவந்தான். ரெண்டு வருசமா ஒவ்வொரு குழுவையும் அவந்தான் கொண்டாறான். எம்பட பேச்சை சரசுவ விட அதிகமாக் கேட்டவன். எந்த எடத்துல நான் நிறுத்துவேன், எந்த எடத்துல நீங்க சிரிப்பீங்க, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அங்க வேனுக்கு வெளிய உக்காந்து எனக்கு முன்னாடியே சிரிச்சுக்கிட்டிருக்கறான் பாருங்க. தங்கமான பையனுங்க. இந்தப் பந்தலுக்குக் கம்பு நட்டவன் அவன். இந்த ட்ரம்மை எறக்கி வெச்சவன் அவன். எது சொன்னாலும் ஏன்னு கேக்க மாட்டான்.

ட்ரம்முன்னதும் ஞாபகம் வருது, எழுதிக்கங்க. ட்ரம்மை வெறும் மண்ணுல வெக்கக் கூடாது. அடியில ஒரு கல்லுக் குடுக்கோணும். இப்ப பவானி, அந்தியூரு, எங்க போனாலும் ட்ரம்முக்கு அடியில கல்லு இருக்கும், நம்ம பயிற்சிதான். ஏனுங்க? எதுக்குக் கல்லா? குளுமைக்குங்க. மேடங்கூடக் கேட்டாங்க, இது எந்தப் புஸ்தகத்துல இருக்குதுன்னு. அனுபவமுன்னேன். எழுதிக்கிட்டாங்க.

சரி, வரப்புக்கு வாரேன். இப்ப கவனமாக் கேளுங்க, கையெழுத்துக்கு இதுதான் முக்கியம். குழு எங்க நிக்கும்? இக்கட்டால, எங்காட்டுப் பக்கம் நிக்கும். அப்ப கையி எங்க போகும்? வரப்போட இந்தப் பக்கத்துக்குப் போகும். அப்ப வரப்பு எந்தப் பக்கம் தேயும்? இந்தப் பக்கம். தேஞ்ச வரப்பை அப்பிடியே உட முடியுமுங்களா? தண்ணி நிக்காதே. அப்ப நான் மண்ணு அணைக்கோணும். எந்தப் பக்கம் அணைக்கறது? இந்தப் பக்கம் அணைக்கலாம், ஆனா இங்க குழு நிக்குது, பந்தலு நிக்குது, எடமில்லே. அதனால அந்தப் பக்கம் அணைச்சேன். இந்தப் பக்கம் தேய, அந்தப் பக்கம் அணைக்க. தேய, அணைக்க. ரெண்டு வருசத்துல வரப்பு ஆறடி நடந்து போயிருச்சுங்க.

நானா நடத்துனேன்? அதுவா நடந்துச்சு. அதுக்குத்தான் நீங்க கையெழுத்துப் போடோணுங்கறது.

இதையே சர்வேயருகிட்டச் சொன்னேன் காலையில. அந்த ஆளுக்கு மொகத்துல சிரிப்புன்னு ஒண்ணு முளைக்கவே இல்லீங்க. வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி ஒரு கொரலு. "ஆயிரம் கைப்பிடின்னாலும் ஒரு மாட்டுவண்டி மண்ணு ஆகாதுய்யா." நான் சொன்னேன், சார், நீங்க சங்கிலியில அளக்கறீங்க, சனங்க பக்தியில அள்ளறாங்க, ரெண்டும் ஒண்ணாகுமுங்களா? அதுக்கும் சிரிக்கலே. என்ன ஜென்மமுங்க.

நம்ம அண்ணன் இருக்கறாரே, அவரு ரெண்டு வருசமா ஒரு வார்த்தை பேசலே. குழு வரும், போகும். அவரு பாட்டுக்கு மஞ்சளுக்குக் களை வெட்டிக்கிட்டிருப்பாரு. நான் இக்கட்டால கூப்புட்டுக் கூப்புட்டுச் சொல்றதெல்லாம் அவரு காதுலயும் உழுகுமில்லே? அதனாலதானுங்க அவரு மண்ணு இன்னைக்கு அப்பிடி இருக்குது. எம்பட பயிற்சியில பேரு குடுக்காத மொத மாணவரு அவருதான். பத்து வருசமா எருவும் தழையும் போட்டுக்கிட்டிருக்கறாருன்னு ஊருல சொல்லுவாங்க. போட்டாரு, இல்லேங்கலே. ஆனா அது இயற்கை வேளாண்மைன்னு அவருக்கு யாரு சொன்னது? நாந்தான சொன்னேன்.

ஆனியில மஞ்சளு நட்டு முடிச்ச மறுநாளு வந்தாரு. இந்தப் பந்தலு வாசல்ல நின்னாரு. குழு ஒண்ணு உக்காந்திருக்குது. நான் மேடம் கொரல்ல நடு வாக்கியத்துல இருக்கறேன். அவரு நின்னாரு. நின்னாரு. பூரா பந்தலும் திரும்பிப் பாக்குது. வாயத் தொறந்தாரு.

"நாலு பாரு காணோம்."

அவ்வளவுதானுங்க. திரும்பிப் போயிட்டாரு. நாப்பது பாரு இருந்த எடத்துல முப்பத்தாறுதான் போட முடிஞ்சுதாமா. மத்தவிய வெள்ளாமைய மூட்டைக் கணக்குல பேசுவாங்க, இந்த மனுசன் பாருக் கணக்கு வெச்சிருக்கறாரு. நானும் சும்மா இருக்காம, அவரு போனதும் அப்பிடியே கையப் பொறவால கட்டிக்கிட்டு, நின்னு, நின்னு, "நாலு பாரு காணோம்"ன்னேன். குழு உழுந்து உழுந்து சிரிச்சுது. அவரு வரப்புத் தாண்டி ரெண்டு எட்டுத்தான் போயிருந்தாரு. கேட்டிருக்குமா? கேட்டிருக்கும். அடுத்த வாரம் தாலுக்கா ஆபீசுல மனு.

இதுல என்ன வருத்தமுன்னா, பங்காளி ஒரு ஆறடி மண்ணுக்காக என்னை நம்பலேங்கறதுதான். வெளியூர்க்காரங்க நம்பி மடியில கட்டிக்கிட்டுப் போறாங்க. கூடப் பொறக்காட்டியும் கூட வளந்தவரு சங்கிலி கொண்டாறாரு.

சரி, பேச்சு போதும், கொஞ்சம் மண்ணைப் பாப்போம். அந்த மம்பட்டிய எடுங்கண்ணா, நீங்கதான், சோத்துக்கு நிமிந்தவரு. பந்தலு ஓரத்துல இருந்து ஆரம்பிக்குது பாருங்க, அந்த மொதல் நாலு பாருக்குள்ள எங்க வேணுமுன்னாலும் நோண்டுங்க. ம். போடுங்க. பாத்தீங்களா! பாத்தீங்களா! எத்தனை மண்புழு? எண்ணுங்க. பதினொண்ணு, பன்னண்டு. மண்ணு எப்பிடி உதுருது, கருகருன்னு, புட்டு மாவு மாதிரி. மோந்து பாருங்க. மொத மழ வாசம் வருதில்லே? இதுதான் மாதிரித் திடலு. இதைப் பாக்கத்தான் உங்களைக் கூட்டியாந்தது. போட்டோ எடுத்துக்கங்க, போர்டும் தெரியற மாதிரி எடுங்க.

அம்மணி, அம்மணி! அங்க போகாதீங்க. அது வேண்டாம். அஞ்சாவது பாருக்கு அக்கட்டால போகாதீங்க, அங்க பாம்பு... பாம்பில்லே, இருந்தாலும். நோண்டிட்டீங்களா. சரி. என்னுங்க? புழு இல்லீங்களா? நல்லாப் பாருங்க. ஒண்ணுகூட இல்லையா? மண்ணு கட்டியா இருக்குதா? அது வந்துங்க, அங்க வெயிலு. புழு வெயிலுக்கு ஆகாது. இங்கயும் வெயிலுதானா? இது காலை வெயிலுங்க, அது மத்தியான வெயிலு.

எலை எல்லாம் ஏன் மஞ்சளா இருக்குதுன்னு கேக்கறீங்களா? மஞ்சக்காடு மஞ்சளா இல்லாமச் செவப்பாவா இருக்கும்?

சிரிச்சீங்களா, அப்பாடா. எங்க ஊட்டுல ஒண்ணு இருக்குதுங்க, எது சொன்னாலும் சிரிக்காது. சரசு. அது என்ன சொல்லும் தெரியுமுங்களா? இப்பிடி இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, தலையச் சாச்சு, "ஏனுங்க மாமா, அந்த ஆறடியில மட்டும் புழு இருக்குது, நம்ம மூணு ஏக்கராவுல ஒண்ணுகூட இல்லே, அந்தப் புழுவெல்லாம் யாரூட்டுப் புழுங்க?" அச்சு அசலா இப்பிடித்தான் சொல்லும். கொரலு சரியா வந்துச்சா? நான் சொன்னேன், அடியே, புழுவுக்குப் பங்காளி, பாகம் எல்லாந் தெரியுமா? எம்பேச்சைக் கேட்டு இக்கட்டால வந்திருக்குது. "பேச்சைக் கேட்டு வந்த புழு அஞ்சாவது பாருலயே ஏன் நின்னுபோச்சு?"ங்குது. பொம்பளைங்க கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமுங்களா?

எங்காட்டுக்குச் செய்ய எனக்கு ஏதுங்க நேரம்? இன்னைக்கு நீங்க. நேத்து சேலத்துக்காரங்க. முந்தாநாளு பள்ளிக்கூடம். ட்ரம்மைக் கலக்கறேன், காட்டறேன், அடுத்த குழுவுக்குக் காட்ட வெச்சுக்கறேன். இதைக் கொண்டி நான் காட்டுல ஊத்திப்போட்டா உங்களுக்கு எதைக் காட்டறது? அந்தச் சாளைக் கொட்டாய்க்குள்ள இருக்கற மூட்டைங்களா? யூரியா மாதிரி இருக்குதுங்களா? சாக்குத்தானுங்க அது. உக்காரறதுக்கு. கூட்டம் சாஸ்தியா வந்தா எடம் பத்தாதில்லே. உள்ள இருக்கறது... சரசு, இலை போட்டாச்சா?

இருங்க, இருங்க. சர்வேயரு வர்றாரு. சங்கிலியச் சுத்திக்கிட்டு வர்றாரு. மொகத்தப் பாருங்க, கெடைக்கலே. நாஞ்சொன்னேனில்லே? உங்க கால் ராசிங்க. அண்ணனும் கூட வர்றாரு. எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சாருக்கு எடங் குடுங்க. சரசு, சாருக்குத் தண்ணி!

வாங்க சார், வெயிலுல எவ்வளவு நேரம். உக்காருங்க. அந்த ட்ரம்முமேல சாஞ்சுக்கங்க, குளுகுளுன்னு இருக்கும்.

"நாச்சிமுத்து, அந்த மூலைக் கல்லைக் காணோம். மத்த மூணு மூலையிலயும் இருக்குது. இது ஒண்ணுதான். ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்க ஆளு பாத்திருக்கறான், புஸ்தகத்துல எழுதியிருக்குது. கல்லு எங்கய்யா போகும்?"

என்னைக் கேட்டா, சார்? இத்தனை ஊருச் சனம் வந்து போன எடம். ஒரு கைப்பிடி மண்ணுக்கே மடிய விரிச்சவங்க. எவனாச்சும் பக்தியில கல்லையே தூக்கிக்கிட்டுப் போயிருப்பான். சாமி ரூமுல வெச்சிருப்பான், சந்தனம் வெச்சு. இதோ அரியலூரு அண்ணனுங்க இருக்கறாங்க, கையெழுத்துப் போடறேங்கறாங்க. போடறீங்கதானுங்க? பேனா... யாருகிட்டயாச்சும் பேனா இருக்குதுங்களா? ஏனுங்க எல்லாரும் கீழ பாக்கறீங்க. அட, அந்த அம்மணி நோண்டுனதை மனசுல வெச்சுக்காதீங்க. ஒருத்தரு கூடவா இல்லே? குழந்தவேலு! வாடா இங்க. நீ சொல்லு. ரெண்டு வருசமா ஒவ்வொரு குழுவையும் கொண்டாறவன், இவனை விட யாருங்க சாட்சி? பொய் சொல்லத் தெரியாதுங்க சார் இவனுக்கு. நானே சொல்லிக் குடுத்துப் பாத்திருக்கறேன், வராது. சொல்லுடா, இங்க எத்தனை பேரு மண்ணு அள்ளியிருப்பாங்க?

"அது அள்ளுனாங்கண்ணா, ஏகப்பட்ட பேரு."

கேட்டுக்கங்க சார்! எழுதிக்கங்க. அண்ணா, சாமியப்பண்ணா, உங்களைத்தான், கேட்டீங்களா? வேத்து மனுசன் வாயில வருது. இன்னும் சொல்லுடா, பயப்படாதே. சாரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. மனசுல இருக்கறதச் சொல்லு.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. சாரு காலையில இருந்து கல்லு, கல்லுன்னு வெயிலுல அலையறாரேன்னு பாவமா இருந்துச்சு. நடுவால சொன்னா உங்க பேச்சுக் கெட்டுப்போயிருமேன்னுதான் வேனுகிட்டயே உக்காந்திருந்தேன். ஏனுங்க சார், நீங்க தேடறது மேல அம்பு மாதிரி செதுக்குன கல்லுங்களா? அது இந்த ட்ரம்முக்கு அடியிலதான இருக்குது. நானும் அண்ணனுமாத்தான கடப்பாரை போட்டுப் பேத்துத் தூக்கியாந்து வெச்சோம்."